கழித்தல் என்றாலே அழுகிறாள்: வீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்து ஆடும் கணக்கு

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டல் போடுகிறாள், ஆனால் ஒவ்வொரு முறையும் விரலை ஒன்றிலிருந்து எண்ணித்தான் போடுகிறாள். கழித்தல் வந்தால் பென்சிலை வைத்துவிட்டு அழுகிறாள். தினமும் ஒரு தாள் வீட்டுக்கணக்கு வருகிறது. நான் தையல் வேலையை முடித்துவிட்டு உட்காரும்போது எனக்கும் பொறுமை இருப்பதில்லை, கத்திவிடுகிறேன். "விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள்" என்றார் டீச்சர். எப்படி என்று தெரியவில்லை. யு.கே.ஜி. படிக்கும் தம்பியும் கூட உட்கார்ந்தால், தோற்றதும் சண்டை. வீட்டில் மாமியார் இருக்கிறார், பல்லாங்குழி நன்றாக ஆடுவார். பக்கத்து வீட்டில் அபாகஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். செல்போனில் கணக்கு ஆட்டம் போட்டுக் கொடுத்தால் போதுமா?
- ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகளுக்குக் கணக்கு வராதோ என்ற பயம் வேண்டாம். விரலை எண்ணிச் சரியான விடைக்கு வந்துவிடுகிறாள் என்றால் எண் என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. 5-ஐயும் 3-ஐயும் கூட்டச் சொன்னால் இந்தக் கையில் ஐந்து, அந்தக் கையில் மூன்று, அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணுகிறாள். குழந்தைகள் பொதுவாக இந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஐந்தை மனதில் நிறுத்திக்கொண்டு "ஆறு, ஏழு, எட்டு" என்று மேலே எண்ணுவது அடுத்த படி. அந்தப் படிக்கு அவள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

கழித்தலில் அழுவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. 13-லிருந்து 5-ஐக் கழிக்கப் பத்து விரல் போதாது. பின்னோக்கி எண்ண வேண்டும். முன்னோக்கி எண்ணுவதை விடப் பின்னோக்கி எண்ணுவது குழந்தைகளுக்கு மிகவும் கடினம். அதிலும் பதிமூன்றையும் சேர்த்து எண்ணுவதா, பன்னிரண்டிலிருந்து தொடங்குவதா என்று குழம்பி, "13, 12, 11, 10, 9" என்று ஐந்து எண்ணை எண்ணிவிட்டு விடை 9 என்று எழுதிவிடுவார்கள். அவ்வளவு பாடுபட்டும் ஒன்றில் பிசகி, தாளில் சிவப்புக் குறி விழுந்தால் யாருக்கும் அழுகை வரும். அவளுக்குத் தேவை இன்னொரு தாள் இல்லை. கழித்தலுக்குள் போக வேறு ஒரு வாசல்.

டீச்சர் சொன்னது நல்ல யோசனை. ஆனால் பல வீடுகளில் விளையாட்டு என்ற பெயரில் நடப்பது வாய்மொழிப் பரீட்சைதான். "நாலும் மூணும் எத்தனை? சொன்னால் சாக்லேட்" என்றால் அதில் ஆட்டம் எங்கே இருக்கிறது? ஆட்டம் என்றால் அடுத்த காயை நகர்த்துவதற்கே அந்தக் கூட்டல் தேவைப்பட வேண்டும். எதிரில் இருப்பவரும் யோசிக்க வேண்டும், அவரும் சில சமயம் தோற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடை சரியா தப்பா என்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், எதிரில் இருக்கும் காயைப் பார்த்தே குழந்தை தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். உங்கள் முகத்தில் விடை தேடும் வரைக்கும் அவளுக்குப் பயம் போகாது.

உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்வது மூடிய கை ஆட்டம். ஒத்தையா ரெட்டையா ஆடியிருப்பீர்கள், கிட்டத்தட்ட அதுதான். ஐந்து புளியங்கொட்டைகளை எடுத்து இருவரும் சேர்ந்து எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளிலும் பிரித்து எடுத்து, ஒரு கையைத் திறந்தும் ஒரு கையை மூடியும் நீட்ட வேண்டும். திறந்த கையில் இரண்டு இருக்கிறது. மூடிய கையில் எத்தனை? எதிரில் இருப்பவர் சொன்னதும் கை திறக்கும். சரியாக இருந்தால் அவருக்கு ஒரு புள்ளி, அடுத்து ஒளிக்கும் முறையும் அவருக்கு.

பார்க்கச் சின்ன ஆட்டமாகத்தான் தெரியும். ஆனால் இதில் நடப்பதைக் கவனியுங்கள். "ஐந்திலிருந்து இரண்டை எடுத்தால்" என்று யாரும் கேட்கவில்லை. பின்னோக்கி எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. "இங்கே ரெண்டு, அப்போ அங்கே மூணு" என்று கூட்டலாகவே கழித்தலைச் செய்துவிடுகிறாள். ஐந்து என்பது இரண்டும் மூன்றும் சேர்ந்தது, நான்கும் ஒன்றும் சேர்ந்தது என்று பழகிவிட்ட குழந்தைக்கு 5 - 2 புதுக்கணக்காகவே தெரியாது. ஒளிக்கும் முறை வரும்போது கற்பது இன்னும் அதிகம். எப்படிப் பிரித்தால் அம்மா திணறுவாள் என்று அவள் யோசிக்க ஆரம்பிப்பாள். சில நாளில் எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு வெறும் கையை நீட்டுவாள். "பூஜ்யமும் ஐந்தும்" என்பது அவளாகவே கண்டுபிடித்ததாகிவிடும்.

அவசரப்பட்டு எண்ணை ஏற்றாதீர்கள். ஐந்தில் எந்தக் கையைக் காட்டினாலும் யோசிக்காமல் சொல்கிறாள் என்றால் ஆறுக்குப் போங்கள், பிறகு ஏழு. பூஜ்யத்தையும் சேர்த்தால் 7-ஐ இரண்டு கைகளில் எட்டு விதமாகப் பிரிக்கலாம். அந்த எட்டும் அவளுக்குப் பழகச் சில நாட்கள் ஆகட்டும். இப்படியே பத்து வரை போனால் போதும். பத்துக்கு மேல் கை கொள்ளாது, கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. பத்துக்குள் இருக்கும் பிரிவுகள் கைவசமானால் பெரிய எண்களின் கூட்டல் கழித்தல் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

தப்பாகச் சொன்னால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். கையைத் திறந்து "எண்ணிப் பார்ப்போமா?" என்றால் போதும். சரியாகச் சொன்னாலும் சில சமயம் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். தப்பாகச் சொல்லும்போது மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று குழந்தைகள் புரிந்துகொள்வார்கள். அவள் யோசிக்கும்போது நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் விடை வந்துவிடும்.

ஒன்றிலிருந்து எண்ணும் பழக்கத்துக்கு ஒரு தீப்பெட்டி போதும். காலிப் பெட்டிக்குள் ஆறு கொட்டைகளைப் போட்டு மூடி, மேலே 6 என்று எழுதுங்கள். வெளியே மூன்றை வையுங்கள். மொத்தம் எத்தனை? உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் ஒன்றிலிருந்து எண்ண வழியில்லை. பெட்டியைத் தொட்டு "ஆறு", அப்புறம் "ஏழு, எட்டு, ஒன்பது" என்று போக வேண்டியதுதான். இதை இருவராக ஆடும்போது ஒருவர் பெட்டியைத் தயார் செய்வார், மற்றவர் மொத்தம் சொல்வார், பெட்டியைத் திறந்து கொட்டி எண்ணிப் பார்ப்பார்கள். முதலில் சில நாட்கள் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்க்கத்தான் செய்வாள், விட்டுவிடுங்கள். விரலை வைத்து எண்ணினாலும் தடுக்காதீர்கள். தேவை இல்லாதபோது விரல் தானாக மடங்கிவிடும். "விரலை மடக்கு" என்று அதட்டினால் மேசைக்குக் கீழே கையை ஒளித்து எண்ணுவார்கள். வகுப்புகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது.

பத்து என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் தனியாகக் கவனிக்க வேண்டும். எந்த எண்ணோடு எது சேர்ந்தால் பத்து என்பது தெரிந்தால்தான் 8 + 5 போன்ற கணக்குகள் சுலபமாகும். இதற்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கட்டை வீட்டில் எடுக்கப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால் பரவாயில்லை. போன வருடத்துத் தினசரி காலண்டர் இருக்கிறதா? பெரிய எழுத்தில் தேதி போட்ட தாள் ஒவ்வொன்றும் ஓர் எண் சீட்டுதான். 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணிலும் நான்கு தாள் எடுத்தால் 36. தாள் மெல்லியது, எண் பின்பக்கம் தெரிந்துவிடும். எண்ணை மட்டும் வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டிவிடுங்கள். ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

ஆளுக்கு ஐந்து சீட்டு, மீதியைக் கவிழ்த்து நடுவில் வையுங்கள். உங்கள் கையில் 3 இருந்தால் எதிரில் இருப்பவரிடம் "உன்னிடம் 7 இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் அவர் கொடுத்துவிட வேண்டும், 3-ம் 7-ம் ஒரு ஜோடியாக உங்கள் பக்கம் சேரும். இல்லையென்றால் நடுவிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளலாம். 36 சீட்டில் 18 ஜோடி. ஆட்டம் முடியும்போது யாரிடம் அதிக ஜோடி என்று பாருங்கள். வாய் திறந்து கேட்பதற்கு முன் மனதில் ஒரு கழித்தல் நடந்தாக வேண்டும். அதுவும் தன் காரியத்துக்காகவே நடக்கிறது. நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதை வைத்து உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் அவள் கற்றுக்கொள்வாள். அம்மா 6 கேட்டால் அம்மாவிடம் 4 இருக்கிறது! இதைப் பிடித்துவிட்ட குழந்தையின் உற்சாகத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

அதே சீட்டில் இன்னொன்று. இருவரும் ஒரே சமயத்தில் ஆளுக்கு ஒரு சீட்டைத் திருப்புங்கள். உங்களுக்கு 8, அவளுக்கு 5. பெரிய எண் வந்தவர் எத்தனை கூடுதலோ அத்தனை புளியங்கொட்டைகளை நடுவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் எட்டு கொட்டைகளை ஒரு வரிசையாகவும் அதற்கு நேராக ஐந்தை இன்னொரு வரிசையாகவும் வைத்தால், ஜோடி இல்லாமல் நிற்கும் மூன்றும் கண்ணுக்குத் தெரியும். கழித்தல் என்றால் எடுத்துவிடுவது மட்டும்தான் என்று நினைக்கும் குழந்தைகள், "ராமுவிடம் 8 மாம்பழம், சீதாவிடம் 5, ராமுவிடம் எத்தனை அதிகம்?" என்று வந்தால் 13 என்று எழுதுவார்கள். 'அதிகம்' என்று காதில் விழுந்ததும் கூட்டிவிடுவார்கள். அந்தக் கணக்கில் யாரும் எதையும் எடுக்கவே இல்லையே, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? இந்த ஆட்டம் ஆடியவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் குறைகிறது.

இனி 13 - 5 பக்கம் வருவோம். 30 முட்டை அடுக்கும் அட்டைத் தட்டு கடையில் கேட்டால் கிடைக்கும். கறை இல்லாததாகப் பார்த்து வாங்கி, நல்ல வெயிலில் காயவையுங்கள். வரிசைக்கு ஐந்து குழி, ஆறு வரிசை இருக்கும். இரண்டு இரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி கொண்ட மூன்று தட்டுகள் வரும். ஆளுக்கு இரண்டு வேண்டும், ஆகவே இரண்டு அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தாளில் பத்துக் கட்டம் கோடு போட்டாலும் போதும். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் கொட்டைகளைக் குழியில் போட வேண்டும். முதல் தட்டு நிறைந்த பிறகுதான் அடுத்த தட்டுக்குப் போகலாம். முதலில் இருபதையும் நிரப்பியவருக்கு வெற்றி. முதல் தட்டில் 8 இருக்கும்போது பகடையில் 5 விழுந்தால், இரண்டு இங்கே போய் பத்தாகிறது, மூன்று அடுத்த தட்டுக்குப் போகிறது. 8 + 5 = 13 என்பது கண்ணெதிரே நடந்துவிட்டது. விரலே தேவைப்படவில்லை.

நிரப்பும் ஆட்டம் நன்றாகப் பழகிய பிறகு திருப்பி ஆடுங்கள். இருவரும் நிறைந்த இரண்டு தட்டுகளோடு தொடங்கி, பகடையில் விழுவதை எடுத்துக்கொண்டே வந்து யார் முதலில் காலி செய்வது என்று பார்க்கலாம். 13 இருக்கும்போது 5 விழுந்தால் இரண்டாவது தட்டில் தனியாக நிற்கும் 3-ஐ எடுத்துவிட்டு, பத்திலிருந்து 2 எடுக்கிறாள். மீதி 8 என்று எண்ணிப் பார்க்காமலே தெரியும், ஏனென்றால் பத்துக் குழியில் இரண்டு காலியாக இருக்கிறது. காய்களைத் தொடும் முன்னால் "எத்தனை மிஞ்சும்?" என்று எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைத்தால், தன் முறை இல்லாதபோதும் இருவரும் கவனமாக இருப்பார்கள். தாளில் இருக்கும் கழித்தல் கணக்கை அவளால் இந்தத் தட்டோடு சேர்த்துப் பார்க்க முடிகிற நாளில் அழுகை குறையும். வீட்டுக்கணக்கு எழுதும்போதும் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுங்கள். அது காப்பி அடிப்பது ஆகாது.

தம்பிக்கு வேறு ஆட்டம் வேண்டும். வாசலில் சாக்பீஸால் 1 முதல் 20 வரை நேர்கோட்டில் கட்டம் போட்டு, பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஓட்டம் அவனுக்குச் சரியாக இருக்கும். பரமபதம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் எண் வரிசை வளைந்து வளைந்து போவதால் சின்னப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவது என்று திணறுவார்கள். நேர்கோட்டில் ஆடும்போது ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பழக்குங்கள். காய் 7-ல் நிற்கிறது, பகடையில் 3 விழுகிறது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி நகர்த்தாமல், கட்டத்தில் இருக்கும் எண்ணையே சொல்லி "எட்டு, ஒன்பது, பத்து" என்று நகர்த்த வேண்டும். அதுதான் தொடர்ந்து எண்ணும் பழக்கம், அக்காவுக்கும் வேண்டியது. நிற்கும் கட்டத்தையே முதல் எண்ணாக எண்ணிவிடும் தவறும் இதனால் போய்விடும்.

நேர்கோட்டைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் ஏழைக் குடும்பங்களின் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை எண் போட்ட நேர்கோட்டுக் கட்டத்தில் மொத்தமே சுமார் 1 மணி நேரம் ஆடிய பிள்ளைகளுக்கு எண்ணுவதிலும், எது பெரிய எண் என்று சொல்வதிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 9 வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணம் மட்டும் போட்ட கட்டத்தில் அதே ஆட்டத்தை ஆடியவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஆட்டம் ஆடினால் மட்டும் போதாது, எண்ணைப் பார்த்து, எண்ணை வாயால் சொல்லி ஆட வேண்டும்.

உங்கள் மாமியாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. பல்லாங்குழியை நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய கொடுப்பினை. அவர்கள் அப்பத்தாவை எதிரில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் தையலைப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று வைத்தால் 70 காய். பல ஊர்களில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். உங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தால், "இதில் ரெண்டு கிடக்கு, பசுவாக இன்னும் எத்தனை வேணும்?" என்று அப்பத்தா ஆட்டத்தோடு ஆட்டமாகக் கேட்கலாம். ஒரு சுற்று முடிந்ததும் ஜெயித்த காய்களை மறுபடி ஐந்து ஐந்தாகத் தன் குழிகளில் நிரப்பும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழு குழிக்கு 35 வேண்டும். அப்பத்தாவிடம் 38 இருந்தால் நிரப்பியது போக 3 மிச்சம். அப்படியானால் பேத்தியிடம் எத்தனை இருக்க வேண்டும்? 32. அதில் ஆறு குழி நிறையும், 2 மிஞ்சும், ஒரு குழி காலி. சுற்றுக்குச் சுற்று இந்தக் கணக்கு வந்துகொண்டே இருக்கும், யாரும் கணக்கு என்று பெயர் சொல்லாமலே. ஆரம்பத்தில் குழிக்கு மூன்றாக வைத்து ஆடினாலும் தவறில்லை. அப்போது மொத்தம் 42.

ஓர் எச்சரிக்கை. பழைய பல்லாங்குழியோடு சில வீடுகளில் குன்றிமணியும் இருக்கும். அந்த விதை நஞ்சு. கடித்து மென்றுவிட்டால் ஆபத்து. யு.கே.ஜி. பையன் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம், புளியங்கொட்டையோ சோழியோ போதும். வீட்டுக்கு மூன்று வயதுக்குக் குறைவான குழந்தை யாராவது வந்தால் அவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும்.

தாயக்கட்டையும் இருந்தால் நல்லதுதான். ஒரு கட்டைக்கு 1, 2, 3, ஒரு வெற்றுப்பக்கம் என்று இருப்பதால் இரண்டையும் உருட்டிக் கூட்டுவது தம்பிக்கே முடியும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது மட்டும் அவனைக் குழப்பும். கூட்டல் பழகும் வரை அதைப் பூஜ்யமாகவே வைத்துக்கொள்ளலாம். அப்பத்தா சம்மதிக்க வேண்டும்!

சண்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகளை ஒரே கணக்கில் போட்டி போட வைத்தால் சின்னவன் தோற்றுக்கொண்டேதான் இருப்பான், பெரியவள் அதில் ருசி கண்டுவிடுவாள். ஆகவே ஆட்டம் ஒன்றாக இருக்கட்டும், கணக்கு வேறாக இருக்கட்டும். முட்டைத் தட்டு ஆட்டத்தில் அவன் ஒரு பகடை, ஒரு தட்டு. அவள் இரண்டு பகடை உருட்டிக் கூட்டி, இரண்டு தட்டு. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே வகுப்புக்குள்ளேயே அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையைப் பார்த்துப் பிரித்தார்கள். வீட்டிலும் அதே மாதிரி வயதை விட்டுவிட்டு நிலையைப் பாருங்கள். இன்னொரு வழி, இருவரையும் ஒரே கட்சியாக்குவது. கூட்டினால் பத்து வரும் ஜோடிகளைச் சேர்க்கும் அந்தச் சீட்டு ஆட்டத்தில் எல்லாச் சீட்டுகளையும் திறந்து பரப்பி வைத்து, நேரக் கணக்கு எதுவும் வைக்காமல், இருவரும் சேர்ந்து எல்லா ஜோடிகளையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று விடுங்கள். அக்கா முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுவாள். தம்பி கேட்டால் மட்டும்தான் உதவ வேண்டும், அதுவும் விடையாகச் சொல்லாமல் கொட்டையை எடுத்து வைத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். காட்டிக் கொடுக்கும்போது அவளுக்கே தெளிவு கூடும்.

வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் ஜெயித்தாலும் சந்தோஷம் இருக்காது. பகடையும் சீட்டும் இருக்கும் ஆட்டங்களில் அதிர்ஷ்டமும் கலந்திருப்பதால் நீங்கள் நேர்மையாக ஆடியே அடிக்கடி தோற்பீர்கள்.

அக்காவுக்கு மட்டும் ஒரு யோசிக்கும் ஆட்டம். நடுவில் பத்து கொட்டை. மாறி மாறி ஒன்றோ இரண்டோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவர் வெற்றி. எதிராளிக்கு மூன்றை விட்டுவைத்தால் ஜெயித்த மாதிரிதான். அவர் ஒன்று எடுத்தால் நீங்கள் இரண்டு, அவர் இரண்டு எடுத்தால் நீங்கள் ஒன்று. அப்படியே பின்னால் போனால் ஆறும் ஒன்பதும் அதே மாதிரி எண்கள். இதை உங்களுக்காகச் சொல்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பல நாள் ஆடி அவளாகவே கண்டுபிடிக்கட்டும்.

கடை விளையாட்டையும் விடாதீர்கள். 13 ரூபாய்க்குச் சாமான், 20 ரூபாய் கொடுக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் மனதுக்குள் 20-லிருந்து 13-ஐக் கழிப்பதில்லை. 13-க்கு மேல் இரண்டு ரூபாய் வைத்து "பதினைந்து", ஒரு ஐந்து ரூபாய் வைத்து "இருபது" என்று கையில் கொடுத்துவிடுவார். கொடுத்தது ஏழு. கழித்தலை மேல்நோக்கி எண்ணிச் செய்யும் இந்த வழி உங்கள் மகளுக்கு மிகவும் பொருந்தும். இப்போது எங்கே பார்த்தாலும் செல்போனில் ஸ்கேன் செய்து பணம் கொடுப்பதால் சில்லறை கை மாறுவதையே பிள்ளைகள் பார்ப்பதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது சில்லறையைக் கொடுத்து அவளைக் கடைக்கு அழைத்துப் போங்கள்.

செல்போன் ஆட்டம் போதுமா என்றால், போதாது. அது விடை சரியா தப்பா என்று மணி அடிக்கும். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்கக் காத்திருக்காது. பெரும்பாலானவை நேரக் கணக்கும் வைக்கின்றன. ஏற்கெனவே பயந்திருக்கும் குழந்தைக்கு ஓடும் கடிகாரம் வேண்டாம்.

அபாகஸ் வகுப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அந்த வகுப்புகளில் தரும் மணிச்சட்டத்தில் கீழே இருக்கும் ஒரு மணிக்கு ஒன்று, மேலே இருக்கும் மணிக்கு ஐந்து. 3-உடன் 4-ஐக் கூட்டக் கீழே மணி போதாமல் 5-ஐச் சேர்த்து 1-ஐ எடுக்க வேண்டும். ஐந்துக்குள் நான்கும் ஒன்றும் இருப்பது பழகாத குழந்தைக்கு இது வெறும் மனப்பாட விதியாகிவிடும். மூடிய கை ஆட்டம் கைவந்த பிறகு அவளே ஆசைப்பட்டால் சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

நேரம் எவ்வளவு என்று யோசிப்பீர்கள். பத்து நிமிடம் போதும், பதினைந்தைத் தாண்ட வேண்டாம். இன்னும் ஒரு ஆட்டம் என்று கெஞ்சும்போதே நிறுத்திவிடுவது நல்லது. நீங்கள் களைத்திருக்கும் நாளில் உட்காரவே வேண்டாம், அப்பத்தா பார்த்துக்கொள்ளட்டும். ஒரே வாரத்தில் எல்லா ஆட்டத்தையும் எடுக்காதீர்கள். முதலில் ஐந்து கொட்டையோடு மூடிய கை, கூடவே தீப்பெட்டி. இரண்டு மூன்று வாரம் கழித்துச் சீட்டு. தட்டு அதற்கும் பிறகு.

வீட்டுக்கணக்குத் தாளைப் பற்றி டீச்சரிடம் பேசுங்கள். "பத்துக்குள் இருக்கும் கழித்தலை இப்போது விளையாட்டாகப் பழகிக்கொண்டிருக்கிறோம், தாளில் பாதியை மட்டும் செய்து அனுப்பலாமா?" என்று கேளுங்கள். விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கச் சொன்னவரே என்பதால் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். சில மாதங்கள் இப்படி ஆடிய பிறகும் மூன்று நான்கு கொட்டைகளைப் பார்த்தால் எண்ணாமல் சொல்ல முடியவில்லை, 6 பெரியதா 9 பெரியதா என்பதிலேயே தடுமாறுகிறாள் என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பிறகு டீச்சரின் துணையோடு, கற்றல் குறைபாட்டைப் பரிசோதிக்கத் தெரிந்த ஒரு நிபுணரிடம் காட்டலாம். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தீபாவளி விடுமுறை வரை ஆடிப் பார்த்துவிட்டு, எந்த எண்ணில் தடுமாறுகிறாள் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்த ஆட்டத்தைச் சொல்கிறேன்.